டயர்களில் நைட்ரஜன் நிரப்புதல்

டயர்களில் நைட்ரஜன் நிரப்புதல் என்பது, வாகன டயர்களில் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக, ஈரமும் ஆக்சிஜனும் பெருமளவு நீக்கப்பட்ட நைட்ரஜன் வாயுவை அழுத்தத்துடன் அடைக்கும் முறை. விமானங்களிலும் பந்தயக் கார்களிலும் நெடுங்காலமாக இருந்துவரும் இப்பழக்கம் பின்னர் சொந்தக் கார்களுக்கும் லாரிகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் பெரிய டயர் கடைகளிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் இதற்கான கருவி உண்டு. நைட்ரஜன் அடைத்த டயரை அடையாளம் காட்ட வால்வில் பச்சை மூடி போடுவது வழக்கம்.

இம்முறையால் முக்கியமாகக் கிடைப்பவை மூன்று: டயரின் அழுத்தம் சற்று மெதுவாகக் குறைகிறது, உள்ளே ஈரம் சேர்வதில்லை, டயர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது உள்ளிருந்து தீப்பிடிக்க ஆக்சிஜன் கிடைப்பதில்லை. இவற்றின் மதிப்பு வாகனத்தைப் பொறுத்தது. பிரேக்கின் கடும் வெப்பத்தைத் தாங்கும் விமானச் சக்கரத்துக்கு இது கட்டாயத் தேவை. நகருக்குள் ஓடும் காருக்கு, அழுத்தத்தை மாதந்தோறும் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால், கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது.

வட சென்னையும் டயர்த் தொழிலும்

வட சென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலை வட்டாரம் இந்திய டயர் வரலாற்றில் முக்கிய இடம் பெற்றது. 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன்கள் செய்யத் தொடங்கினார். 1949இல் தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் திறந்தார். 1952இல் தேய்ந்த டயரைப் புதுப்பிக்க உதவும் டிரெட் ரப்பர் உற்பத்தி தொடங்கியது. 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு டயர் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு அத்தொழில் டயர் உற்பத்திக்கு வளர்ந்தது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற அந்நிறுவனமே இன்றைய எம்.ஆர்.எஃப். எண்ணூரில் அசோக் லேலண்டின் லாரி, பஸ் ஆலையும், திருவொற்றியூரில் 1950களில் வந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் சேர, டயரைச் செய்பவரும் அதைப் பூட்டிய வாகனத்தைச் செய்பவரும் ஒரே சாலையோரத்தில் அமைந்தனர்.

நைட்ரஜனும் இவ்வட்டாரத்துக்குப் பழக்கமான பொருள்தான். மணலியில் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் ஆலை காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியா ஆக்கி, அதிலிருந்து யூரியா தயாரிக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பெட்ரோலிய ரசாயனத் தொழில்களில் எளிதில் தீப்பற்றும் திரவங்கள் உள்ள தொட்டிகளின் மேல்வெளியை நைட்ரஜனால் நிரப்பி வைப்பது பொதுவான பாதுகாப்பு முறை. டயர் செய்யும்போதே பல ஆலைகளில் நைட்ரஜனுக்கு வேலை உண்டு. இன்னும் வேகாத ‘பச்சை’ டயரை அச்சில் வைத்து வேகவைக்கும் கட்டத்தில், உள்ளிருந்து அழுத்தும் ரப்பர்ப் பைக்குள் முதலில் நீராவியையும் பிறகு உயர் அழுத்த நைட்ரஜனையும் செலுத்துகிறார்கள்.

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவற்றுக்கு வந்துபோகும் கன்டெய்னர் டிரெய்லர்களால் இங்கே டயர் கடையும் பஞ்சர் கடையும் சாலை நெடுகக் காணப்படுகின்றன. பாரம், வெயில், உப்புக் கலந்த ஈரக்காற்று ஆகிய மூன்றும் சேர்ந்த இச்சூழலில் நைட்ரஜன் பற்றிய கூற்றுகளைச் சோதித்துப் பார்க்க முடியும்.

காற்றும் நைட்ரஜனும்

உலர்ந்த காற்றில் சுமார் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான் உள்ளன. ஆகவே சாதாரணக் காற்று அடைத்த டயரிலும் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது நைட்ரஜனே. கடைகளில் நிரப்பப்படும் வாயுவின் தூய்மை பெரும்பாலும் 93 முதல் 98 விழுக்காடு வரை இருக்கும். மாறுவது மீதமுள்ள ஆக்சிஜனின் அளவும் ஈரத்தின் அளவும்தான்.

எடை குறையும் என்ற கூற்றில் பொருளில்லை. ஒரு சிறிய கார் டயரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 30 லிட்டர். அதில் 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடையும் காற்றின் எடை சுமார் 110 கிராம். முழுக்க நைட்ரஜனாக இருந்தாலும் குறைவது நான்கு கிராமுக்கு உட்பட்டது.

தயாரிக்கும் முறைகள்

டயர் கடைகளில் உள்ள கருவி, கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை வடிகட்டி, உலர்த்தி, அதிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கிறது. இதற்கு இரு வழிகள் உள்ளன. முதல் வழியில், நடுவில் துளையுள்ள நுண்ணிய பாலிமர் இழைகளின் கற்றை வழியாகக் காற்று செல்கிறது. ஆக்சிஜனும் நீராவியும் இழையின் சுவரை ஊடுருவி விரைவாக வெளியேற, நைட்ரஜன் மறுமுனைக்கு வந்து சேர்கிறது. இரண்டாவது வழியில், நுண்துளைக் கரிமச் சல்லடை நிரப்பிய இரு உருளைகள் மாறி மாறி வேலை செய்கின்றன. அழுத்தத்தின்போது சல்லடை ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் அதை வெளியே விட்டுவிடுகிறது.

பெரும் தொழிற்சாலைகளுக்கான நைட்ரஜன், காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் காய்ச்சி வடிப்பதால் கிடைக்கிறது. நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸிலும் ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கொதிப்பதால் இரண்டையும் பிரிக்க முடிகிறது. இந்த வாயு மிகத் தூய்மையானது. டயருக்கு அவ்வளவு தூய்மை தேவைப்படுவதில்லை.

நிரப்பும் முறை

காற்று முழுவதும் இறங்கிய டயரிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் சாதாரணக் காற்று எஞ்சியிருக்கும். அதன்மேல் 95 விழுக்காடு தூய நைட்ரஜனை 32 பி.எஸ்.ஐ. வரை ஏற்றினால் உள்ளே ஆக்சிஜன் சுமார் 10 விழுக்காடு இருக்கும். ஒருமுறை இறக்கி மீண்டும் நிரப்பினால் அது ஆறரை விழுக்காட்டை ஒட்டி வரும். மூன்றாம் முறையில் ஐந்தரைக்கு இறங்கும். கார் டயரை இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்ற வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே. 120 பி.எஸ்.ஐ. ஏற்றும் லாரி டயரில் பழைய காற்றின் பங்கு மிகக் குறைவு என்பதால், ஒரே நிரப்பலில் ஆக்சிஜன் ஏழு விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது.

நைட்ரஜன் உள்ள டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்றை ஏற்றலாம். தூய்மை குறையுமே தவிர, டயருக்குத் தீங்கு எதுவும் நேராது. நைட்ரஜன் கிடைக்கும்வரை அழுத்தம் குறைந்த டயரோடு ஓட்டுவதுதான் ஆபத்து.

கசிவு

ரப்பர் வாயுவை முற்றிலும் தடுக்கும் பொருளன்று. டயரின் சுவரில் கரைந்து ஊடுருவி வாயு நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஆக்சிஜன் மூலக்கூறு நைட்ரஜனைவிடக் கனமானது. ஆனால் ஊடுருவலில் கணக்கில் வரும் குறுக்களவில் சிறியது. அதனால் ரப்பர் வழியே ஆக்சிஜன் நைட்ரஜனைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கசிகிறது. நைட்ரஜன் பிரிக்கும் இழைகள் வேலை செய்வதும் இதே பண்பினால்தான்.

இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு இறுக்கமாக வாயுவைத் தடுப்பது பியூட்டைல் ரப்பர். 1937இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவன ஆய்வாளர்கள் இதை உருவாக்கினர். டியூபுகளும், டியூப்லெஸ் டயர்களின் உள்படலமும் இவ்வகை ரப்பரால் ஆனவை. இதனால் கசிவு ஏற்கெனவே பெரிதும் கட்டுப்பட்டிருக்கிறது. நைட்ரஜன் குறைப்பது எஞ்சிய கசிவில் ஒரு பகுதியை மட்டும்.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2006ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டுக் காலம் 31 வகை டயர்களில் இதை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒவ்வொரு வகையிலும் ஒரு டயரில் காற்றும் இன்னொன்றில் நைட்ரஜனும் 30 பி.எஸ்.ஐ. அளவுக்கு நிரப்பி வெளியில் வைத்தனர். ஆண்டு முடிவில் காற்று டயர்கள் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ., நைட்ரஜன் டயர்கள் 2.2 பி.எஸ்.ஐ. இழந்திருந்தன. ஓராண்டில் வேறுபாடு 1.3 பி.எஸ்.ஐ. இது சாலையில் ஓடாத, ஓட்டையில்லாத டயர்களின் கணக்கு. ஆணி குத்தியதாலோ, தேய்ந்த வால்வு வழியாகவோ, துருப்பிடித்த ரிம்மின் ஓரத்திலோ ஏற்படும் கசிவுக்கு எந்த வாயு உள்ளே இருக்கிறது என்பது ஒரு பொருட்டன்று.

காற்று டயரிலிருந்து ஆக்சிஜன் முந்திக்கொண்டு வெளியேறுவதால், மீண்டும் மீண்டும் காற்று ஏற்றிவரும் டயரில் நைட்ரஜனின் விகிதம் தானாகவே மெல்லக் கூடுகிறது. 95 விழுக்காடு நைட்ரஜன் உள்ள கார் டயரில் நிலைமை நேர்மாறு. உள்ளே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் வெளிக்காற்றில் உள்ளதைவிடக் குறைவு. எனவே வெளியிலிருந்து ஆக்சிஜன் மிக மெதுவாக உள்ளே வருகிறது.

வெப்பமும் அழுத்தமும்

நைட்ரஜன் சூட்டில் விரிவதில்லை என்பது பரவலான தவறான கருத்து. டயரில் நிலவும் அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் உலர்ந்த காற்றும் நைட்ரஜனும் ஒரே வாயு விதிக்கு ஒரே மாதிரி கட்டுப்படுகின்றன. 30 டிகிரி செல்சியஸில் 32 பி.எஸ்.ஐ. காட்டும் டயர் 60 டிகிரியில் சுமார் 36.6 காட்டும். 120 பி.எஸ்.ஐ. லாரி டயர் அதே சூட்டில் 133ஐத் தொடும். எந்த வாயுவானாலும் இக்கணக்கு மாறாது. கோடையில் நைட்ரஜன் அடைத்தால் டயர் வெடிக்காது என்ற நம்பிக்கைக்கு இதனால் அடிப்படை இல்லை. பெரும்பாலான வெடிப்புகளுக்குக் காரணம் குறைந்த அழுத்தமும் அதிகப் பாரமும். அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகையாக மடங்கி, சூடேறி, உள்ளிருக்கும் நூலடுக்குகளின் பிடிப்பு விட்டுப்போகிறது.

டயர் உற்பத்தியாளர்கள் குறிக்கும் அழுத்தம் குளிர்ந்த டயருக்கானது. வண்டி சில மணி நேரம் நின்றபின், ஓடத் தொடங்குமுன் அதை அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்து வாயுவைத் திறந்துவிட்டால், ஆறியபின் அது தேவைக்குக் கீழே போய்விடும்.

ஈரம்

காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் நடைமுறையில் காணும் வேறுபாட்டில் பெரும்பங்கு ஈரத்தால் வருவது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். காசிமேட்டிலோ எண்ணூரிலோ ஈரப்பதம் 75 விழுக்காடாக இருக்கும் நாளில் அதில் சுமார் 23 கிராம் இருக்கும். அந்தக் காற்றைக் கம்ப்ரசர் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்கித் தொட்டியில் ஆறவிட்டால், மூன்றரை கிராமுக்கு மேல் நீராவியாக நிற்க முடியாது. மீதி நீராகித் தொட்டியின் அடியில் தேங்கும். பஞ்சர் கடை கம்ப்ரசரின் வயிற்றுப்பகுதியில் உள்ள சிறு குழாயைக் காலையில் திறந்தால், சீறலோடு துருநிறத் தண்ணீர் பீறிடுவது இதனால்தான். அதை நாள்தோறும் திறந்துவிடாத கடையில் அந்த நீர் திவலைகளாகக் குழாய் வழியே டயருக்குள் போகிறது.

டயருக்குள் நீர் தேங்கியிருந்தால், வாயு விதி தரும் உயர்வோடு ஆவி அழுத்தமும் சேர்கிறது. நீரின் ஆவி அழுத்தம் 30 டிகிரியில் சுமார் 0.6 பி.எஸ்.ஐ., 60 டிகிரியில் 2.9 பி.எஸ்.ஐ., 80 டிகிரியில் 6.9 பி.எஸ்.ஐ. பந்தயக் காருக்கு இந்த ஏற்ற இறக்கம் முக்கியம். அங்கே அரை பி.எஸ்.ஐ. மாறினாலும் வளைவில் வண்டியின் பிடிப்பு மாறும். பந்தய அணிகள் நைட்ரஜனைத் தேர்ந்தெடுப்பது முதன்மையாக அதன் உலர்வுக்காகவே. ஈரம் நீக்கிய சாதாரணக் காற்றும் இதே பயனைத் தரும்.

ஈரத்தின் மற்றொரு விளைவு துரு. டியூப்லெஸ் டயரில் வாயு நேரடியாக ரிம்மைத் தொடுகிறது. இரும்பு ரிம்மின் உள்புறம் துருப்பிடித்தால் டயர் விளிம்பு சரியாக ஒட்டாமல் கசியும். உலர்ந்த நைட்ரஜன் இதைத் தடுக்க உதவும். டியூப் உள்ள லாரிச் சக்கரத்தில் வாயு டியூபுக்குள்ளேயே இருப்பதால் இப்பயன் மிகக் குறைவு. கடலோரச் சாலையில் ரிம்மின் வெளிப்புறத்தை அரிக்கும் உப்புக்காற்றை உள்ளிருக்கும் வாயு ஒன்றும் செய்ய முடியாது.

ரப்பரின் முதுமை

டயருக்குள் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தால் சுவருக்குள் ஊடுருவி, எஃகு இழைப்பட்டைகளைச் சுற்றியுள்ள ரப்பரை மெல்ல இறுக்கமாக்குகிறது. பல ஆண்டுகளில் ரப்பர் நெகிழ்வை இழந்து, பட்டைகள் பிரிய வழி ஏற்படுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஆய்வகத்தில் டயரை விரைவாக முதுமையாக்க, நைட்ரஜனும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயுவை நிரப்பிச் சூட்டு அறையில் வைத்தது. ஆக்சிஜன் கூடினால் சிதைவும் கூடும் என்பதை இம்முறை பயன்படுத்திக்கொள்கிறது. நைட்ரஜன் நிரப்பினால் இந்தச் சிதைவு தாமதமாகும். ஆனால் பெரும்பாலான கார் டயர்கள் அதற்குள் தேய்ந்து மாற்றப்படுகின்றன. ஒரே டயர்க் கூட்டைப் பலமுறை ரீட்ரெட் செய்து ஓட்டும் லாரி, பஸ் நிறுவனங்களுக்கே இதனால் கணிசமான ஆதாயம் கிடைக்க வாய்ப்புண்டு. வெயிலும் ஓசோனும் வெளியிலிருந்து ஏற்படுத்தும் விரிசல்கள் எந்த வாயுவாலும் குறைவதில்லை.

தீப்பாதுகாப்பும் விமானங்களும்

விமானங்களில் நைட்ரஜன் கட்டாயமாக்கப்பட்டதற்குப் பின்னணியாக ஒரு விபத்து உண்டு. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் மெக்சிகோ நகரிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் மலைப்பகுதியில் விழுந்து, அதிலிருந்த 167 பேரும் இறந்தனர். பிரேக் மிகையாகச் சூடேறிய சக்கரத்தின் டயரில் நைட்ரஜனுக்குப் பதில் காற்று நிரப்பப்பட்டிருந்தது. அது வெடித்ததில் எரிபொருள் குழாய்களும் மின்கம்பிகளும் அறுந்து தீப்பிடித்தது. கடும் சூட்டில் ரப்பரின் உள்படலம் எரியக்கூடிய ஆவிகளை வெளியிடுகிறது. அவை அழுத்தத்திலுள்ள ஆக்சிஜனோடு கலந்து பற்றும்போது டயர் குண்டுபோல் வெடிக்கிறது.

அடுத்த ஆண்டே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் நைட்ரஜனை வலியுறுத்தி ஆணை பிறப்பித்தது. 75,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் உலர்ந்த நைட்ரஜன் போன்ற மந்த வாயு இருக்க வேண்டும், ஆக்சிஜன் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அங்குள்ள விதி. சுரங்க டம்பர்கள் முதலிய மாபெரும் வண்டிகளின் டயர்களிலும் இதே காரணத்துக்காக நைட்ரஜன் பயன்படுகிறது.

துறைமுகச் சாலைகளின் கனரக வாகனங்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் துறைமுக வாசலுக்கு வரிசையில் காத்து நிற்பதும் ஊர்வதும் வழக்கம். மலைப்பாதை இல்லாத சமதளம் என்பதால் விமானத்தைப் போலப் பிரேக் சூடேறுவது இங்கே அரிது. டயருக்கு வரும் கேடு பாரத்திலிருந்தும் கவனிக்கப்படாத அழுத்தத்திலிருந்தும் வருகிறது. இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரின் வால்வுக்குக் கை எட்டுவது கடினம். எனவே ஓட்டுநரும் கிளீனரும் இரும்புத் தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டி ஓசையைக் கேட்கிறார்கள். முற்றிலும் இறங்கிய டயர் மந்தமான ஓசையால் தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து பி.எஸ்.ஐ. குறைந்திருப்பது தெரியாது. உள்டயர் தளர்ந்தால் பாரம் வெளிடயர்மேல் ஏறும். இரண்டின் பக்கச்சுவர்களும் உரசிச் சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. அந்தத் தீ வெளிக்காற்றில் எரிவதால், உள்ளே நைட்ரஜன் இருப்பது அதைத் தடுக்காது. அழுத்தம் மெதுவாகக் குறைவது மட்டுமே இங்கே நைட்ரஜன் தரும் உதவி. அளவுமானியால் வாரம் ஒருமுறை அளப்பது அதைவிடப் பெரிய உதவி.

எரிபொருளும் செலவும்

நைட்ரஜன் நேரடியாக மைலேஜைக் கூட்டுவதில்லை. அழுத்தம் சரியாக இருந்தால் உருளும் தடை குறைகிறது; வாயு எதுவானாலும் இதுவே நிலை. நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஓராண்டு கவனிக்காமல் விட்ட டயர்களில் ஏற்படும் 1.3 பி.எஸ்.ஐ. வேறுபாட்டை இதோடு பெருக்கினால் கால் விழுக்காட்டை ஒட்டியே வரும்.

இந்தியாவில் பெட்ரோல் பங்குகள் வாடிக்கையாளருக்குக் காற்றை இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதிமுறை. நைட்ரஜனுக்குப் பெரும்பாலான இடங்களில் டயர் ஒன்றுக்குக் கட்டணம் உண்டு. கட்டணத்தைவிடப் பெரிய சிக்கல், தூய்மையை வாடிக்கையாளரால் சரிபார்க்க முடியாதது. ஆக்சிஜன் அளவுமானி இல்லாமல் பச்சை மூடியை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை அறிய வழியில்லை.

சட்ட நிலை

2019 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையில் பேசும்போது, டயர் ரப்பரில் சிலிகான் கலப்பதையும் நைட்ரஜன் நிரப்புவதையும் கட்டாயமாக்க அரசு எண்ணியிருப்பதாகக் கூறினார். விரைவுச் சாலைகளில் டயர் வெடித்து நேரும் விபத்துகள் அதன் பின்னணி. பின்னர் வந்த விதிகள் வேறு திசையில் அமைந்தன. 2022இல் அறிவிக்கப்பட்ட திருத்தம் கார், பஸ், லாரி டயர்களின் உருளும் தடை, ஈரச்சாலைப் பிடிப்பு, உருளும் ஓசை ஆகியவற்றுக்கு வரம்புகளை வகுத்தது. புதிய வடிவமைப்புகளுக்கு அது அவ்வாண்டு அக்டோபர் முதல் பொருந்தியது. அதற்குமுன் 2020இல் வந்த திருத்தம், அழுத்தத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவியும் டியூப்லெஸ் டயரைச் சரிசெய்யும் பெட்டியும் உள்ள சிறு வாகனங்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று அனுமதித்தது.

பாதுகாப்பு

நைட்ரஜன் எரியாது, நச்சுத்தன்மையும் அற்றது. டயரிலிருந்து திறந்தவெளியில் வெளியேறும் அளவால் ஆபத்தில்லை. ஆனால் காற்றோட்டமில்லாத சிறு அறையில் பெருமளவு கசிந்தால் ஆக்சிஜன் குறைந்து மூச்சு முட்டும். நிறமும் மணமும் இல்லாததால் முன்கூட்டி உணர முடியாது. சிலிண்டரிலிருந்து நேரடியாக நிரப்பும் இடங்களில் அழுத்தக் குறைப்பான் இன்றியமையாதது, ஏனெனில் சிலிண்டரின் அழுத்தம் டயரின் தாங்குதிறனைவிடப் பல மடங்கு. வளையப் பூட்டு உள்ள லாரி ரிம்மில் எந்த வாயுவை ஏற்றினாலும், வளையம் தெறித்துப் பாயாதிருக்க இரும்புக் கூண்டுக்குள் வைத்தே ஏற்ற வேண்டும்.